அழித்துவிட்டால் முடிந்துவிட்டதா?

முந்தாநாள் இரவு நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். மருத்துவமனையில் உயிரோடு இருக்கும் மனிதர் இறந்துவிட்டதாகச் செய்தி சேனல்காரர்கள் அஞ்சலி கார்டு போட்டார்கள். அவருடைய மகள் மறுத்ததும் சத்தமில்லாமல் பதிவை அழித்தார்கள். ஒரு வரி வருத்தம் இல்லை. அடுத்த பிரேக்கிங் நியூஸுக்குப் போய்விட்டார்கள்.

தவறு நடந்ததில் எனக்குக் கோபம் இல்லை. செய்தி வேலையில் தவறு வரும். தவறு என்று தெரிந்தும் வாய் திறக்காமல் அழித்தார்களே, அதில்தான் கோபம். சேனல்காரர்களே, பொய்யை எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டீர்களோ, திருத்தத்தையும் அதே எழுத்தில் போடுங்கள்.

“போட்டி அப்படி, வேகம் அப்படி” என்று சொல்ல வருவீர்கள். சரி, முந்தப் போய்த் தவறிவிட்டது. திருத்தம் போடவிடாமல் எந்தப் போட்டி தடுத்தது? கடத்தி அடிமையாக விற்கப்பட்டு மீண்டு வந்த சாலமன் நார்த்தப் என்பவரின் பெயரை 1853-ல் நியூயார்க் டைம்ஸ் பிழையாக அச்சிட்டது. 2014-ல் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. 161 வருஷம் கழித்து, ஒரு பெயரின் எழுத்துக்காக! அந்தப் பத்திரிகை மேல் எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் இந்த ஒன்றையாவது நீங்கள் செய்யக்கூடாதா?

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. பெரியப்பா மகன் ஒரு விபத்தில் சிக்கியபோது, இறந்தவர்கள் பட்டியலில் அவர் பெயரும் டிவியில் ஓடியது. அண்ணி அதைப் பார்த்து மயங்கி விழுந்தார். அண்ணன் பிழைத்துக்கொண்டார். கேட்பதற்காக சேனலுக்கு ஃபோன் செய்தால், “அதான் எடுத்துட்டோமே” என்றார்கள். அண்ணி இன்றுவரை செய்தி பார்ப்பதில்லை. பல நாடுகளில் மக்களிடம் கேட்டு ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட 2025 அறிக்கையில், செய்தியை அவ்வப்போதாவது தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 40 சதவீதம் பேர். பெரும்பாலான செய்திகளை நம்புவதாகச் சொன்னவர்களும் 40 சதவீதம்தான். மனசு கெட்டுப்போகிறது என்பதுதான் தவிர்ப்பவர்கள் அதிகம் சொன்ன காரணம். இவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று பேசாதீர்கள்.

“மக்கள் பரபரப்பைத்தானே கேட்கிறார்கள்?” இந்தப் பேச்சுதான் என்னை மிகவும் புண்படுத்துகிறது. அந்த கார்டை நாங்கள் ரசித்தா தொட்டோம்? ஐயோ, உண்மையா என்று பதறித் தொட்டோம். அந்தப் பதற்றத்தை எண்ணிக் கூட்டி, ‘இதுதான் மக்களுக்குப் பிடிக்கிறது’ என்று கணக்கு எழுதிக்கொள்கிறீர்கள்.

வாட்ஸ்அப்பில் இதைவிட மோசமாக வருகிறதாம். வரட்டும். வாட்ஸ்அப்பில் வந்தது உண்மையா என்று பார்க்கத்தானே உங்களிடம் வருகிறோம்? நீங்களும் அங்கிருந்தே எடுத்துப் போட்டால் நாங்கள் எங்கே போவது?

1930 ஏப்ரல் 18 அன்று பிபிசி வானொலி, இன்று செய்தி ஏதும் இல்லை என்று அறிவித்துவிட்டு பியானோ இசையை ஒலிபரப்பியது. அந்த அளவுக்கெல்லாம் நான் கேட்கவில்லை. ‘இன்னும் உறுதியாகவில்லை, விசாரிக்கிறோம்’ என்று சொல்லுங்கள், காத்திருக்கிறோம். பத்து நிமிஷம் பிந்தி வந்ததற்காக ஒரு சேனலை யாரும் வெறுத்து நான் பார்த்ததில்லை.