தங்கையை ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள்: ஜூடோவும் வீட்டுப் பிள்ளைகளும்

பிள்ளையை ஜூடோவிலோ கராத்தேவிலோ சேர்க்கும்போது பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். ஏழு வயது அண்ணனுக்கு வெள்ளை யூனிஃபார்ம், பெல்ட், வாரத்துக்கு மூன்று நாள் கிளாஸ். நான்கு வயதுத் தங்கைக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி, கையில் அம்மாவின் போன். வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குக் கற்றதைச் செய்து பார்க்க ஆள் வேண்டும். கிடைப்பது தங்கைதான். கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம், அதற்கப்புறம் "இனிமே அவளைத் தொடவே கூடாது" என்று ஒரு தடை உத்தரவு.

அவளை விலக்கி வைப்பதும் தப்பு, அண்ணனுடைய பயிற்சிப் பொம்மையாக விடுவதும் தப்பு. அவளுக்கும் பாயில் இடம் வேண்டும். அந்த இடத்துக்குக் கறாரான விதிகள் வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எந்தக் கலை? ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் ஜூடோவைத்தான் சொல்வேன், கூடவே சுமோவிலிருந்து வந்த சின்ன விளையாட்டுகளையும். கராத்தே நல்ல கலை. ஆனால் அதன் அடிப்படை குத்தும் உதையும். எதிராளியின் மேல் படாமல் நிறுத்தும் கட்டுப்பாடு ஏழு வயதில் வராது. ஜூடோவில் கீழே விழுபவரைக் காப்பாற்றுவது விழவைப்பவரின் பொறுப்பு. எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்த பிடியை அவர் தரையைத் தொடும் வரை விடாமல் மேலே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து சேரும். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் வெறும் 12 தத்தாமி பாய்களோடு (ஜப்பானிய வைக்கோல் பாய்) கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். இன்று உலகில் எந்த ஜூடோ கிளாஸுக்குப் போனாலும் புதிதாக வருபவருக்கு முதலில் கற்றுக்கொடுப்பது விழுவதைத்தான். அதற்கு உகேமி என்று பெயர்.

உகேமியை அண்ணனும் தங்கையும் ஒரே நாளில் தொடங்கலாம். இதில் அண்ணனுக்கு எந்த அனுகூலமும் கிடையாது. உயரம் குறைந்த பிள்ளை விழும் தூரமும் குறைவு என்பதால் பல நேரம் சின்னவளே சீக்கிரம் கற்றுவிடுவாள்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தாடையை நெஞ்சோடு ஒட்டி, பெல்ட் முடிச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். தலை பாயைத் தொடக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துத் தசை பலவீனம். நாலு வயதுப் பிள்ளைக்கு ஐந்து விநாடியிலேயே கழுத்து நடுங்கும், மூன்று தடவை போதும். தாடைக்கு அடியில் மடித்த கைக்குட்டையைச் செருகிவிடுங்கள். அது விழுந்தால் தாடை தூக்கிவிட்டது என்று பிள்ளைக்கே தெரியும், நீங்கள் கத்த வேண்டாம். அடுத்து, நெஞ்சில் குறுக்காக வைத்த கைகளை இரண்டு பக்கமும் இறக்கிப் பாயை அறைவது. உள்ளங்கை கீழே பார்க்க, உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒரே நேரத்தில் பட வேண்டும். கை உடம்பிலிருந்து 30 முதல் 45 பாகை தள்ளி இருக்க வேண்டும். தோள் மட்டத்துக்கு விரிந்தால் அதிர்ச்சி தோளுக்குப் போகும். உடம்போடு ஒட்டினால் முழங்கை விலாவுக்கு அடியில் மாட்டும்.

இது வந்த பிறகு உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் உருள்வது, பிறகு குந்திய நிலையிலிருந்து, கடைசியில்தான் நின்றபடி. ஒரு நிலையில் தலை படாமல் தொடர்ந்து பத்து முறை வந்தால்தான் அடுத்தது. இங்கே எல்லாப் பிள்ளையும் செய்யும் தவறு, விழும்போது கையைப் பின்னால் ஊன்றுவது. மணிக்கட்டும் முழங்கையும் உடைவது அப்படித்தான். குந்திய நிலையில் கைகளை முன்னால் நீட்டி வைத்தபடி விழச் சொன்னால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். முன்னால் உருளும் உகேமியை ஆறு வயதுக்கு முன் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். வலது தோளில் தொடங்கி முதுகின் குறுக்கே இடது இடுப்புக்கு உருள வேண்டும். வளைத்த கை நடுவில் மடிந்தால் தோள் முனை நேராகத் தரையில் மோதும், காறை எலும்பு போய்விடும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் 1983-க்கும் 2011-க்கும் இடையில் நடுநிலை, மேல்நிலைப் பள்ளி ஜூடோவில் 100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் தலைக்காயம், மண்டைக்குள் ரத்தக்கசிவு. புதிதாகச் சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகளே அதிகம். காலை வெளிப்புறமாக வாரிப் பின்னால் சாய்க்கும் ஓசோதோ-காரி என்ற எறிதல் திரும்பத் திரும்பக் காரணமாக வந்தது, ஏனென்றால் அதில் விழுபவரின் பின்தலை நேராகத் தரைக்குப் போகும். 2012-இல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமானபோது இதுவே பெரிய விவாதமானது. ஜூடோ பிறந்த நாட்டிலேயே இந்தப் பாடத்துக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள். நம் வரவேற்பறை டைல்ஸ் தரையில் அண்ணன் தங்கையை வாரிவிட்டுப் பார்ப்பதை விளையாட்டென்று விட முடியாது.

ஆகவே வீட்டில் முதல் விதி, நின்றபடி எறிவது இல்லை. யாரும் யாரையும், எவ்வளவு நல்ல பாய் இருந்தாலும். எறிதல் கிளாஸில், ஆசிரியர் முன்னால் மட்டும். வீட்டில் உகேமி, முழங்காலில் இருந்தபடி பிடி விளையாட்டு, சுமோ விளையாட்டுகள். பிள்ளைகளுக்கு இவையே தாராளம்.

பாய்க்கு வருவோம். யோகா பாய் வேண்டாம், மெல்லிசு, வழுக்கவும் செய்யும். ஒன்றோடொன்று பல் கோத்துக்கொள்ளும் ஈவிஏ (ஒரு வகை நுரை) மேட் என்று கடையில் கேளுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 40 மி.மீ. தடிமன், ஆறு துண்டு வாங்கினால் 2×3 மீட்டர் இடம் வரும். பணம் இடித்தால் 20 மி.மீ. வாங்கலாம், தரைப் பிடிக்கும் உட்கார்ந்து விழுவதற்கும் மட்டும். டைல்ஸில் பாய்கள் மெல்ல விலகும். அந்த இடுக்கில் கால்விரல் மாட்டித் திரும்பினால் விரல் போயிற்று. ஒரு பக்கத்தைச் சுவரோடு அணைத்துப் போட்டு, ஆட்டத்துக்கு நடுநடுவே மூட்டுகளைக் காலால் தடவிப் பாருங்கள். கட்டில் முனையும் பீரோ கைப்பிடியும் பாயின் விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். கொலுசு, வளையல், அரைஞாண், கழுத்துக் கயிறு எல்லாம் கழற்றியாக வேண்டும். கயிற்றைக் கழற்றப் பாட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்றைக்குப் பிடி விளையாட்டு இல்லை, உகேமி மட்டும்.

இனி இரண்டு பேரும் சேர்ந்து ஆடுவது. ஜப்பானியப் பிள்ளைகள் ஆடும் கைதள்ளு சுமோவை முதலில் எடுங்கள். எதிரெதிரே பாதம் சேர்த்து நிற்க வேண்டும், முழங்கை லேசாக மடங்கி உள்ளங்கைகள் தொடும் தூரத்தில். உள்ளங்கையை மட்டும் தள்ளலாம். பாதம் நகர்ந்தால் தோல்வி. உடம்பைத் தொட்டாலும், கையைப் பிடித்தாலும் தோல்வி. ஓங்கித் தள்ளுபவன் தோற்பான், ஏனென்றால் எதிராளி கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டால் தள்ளிய வேகத்தில் அவனே முன்னால் சாய்வான். இதை அண்ணன் கண்டுபிடிக்க நாலைந்து ஆட்டம் ஆகும். அதற்குள் தங்கை இரண்டு தடவை ஜெயித்திருப்பாள். உயர வித்தியாசம் அதிகமானால் இரண்டு பேரும் குதிகால் தூக்கிக் குந்தியபடி ஆடட்டும்.

அடுத்தது வால் பறிக்கும் ஆட்டம். ஜூடோ கிளாஸ்களில் உடம்பைச் சூடேற்ற ஆடுவதுதான். அரை மீட்டர் துணிப்பட்டையைப் பின்பக்கம் கால்சட்டை இடுப்பில் செருகுங்கள். கட்டாதீர்கள், கட்டினால் வாலோடு பிள்ளையும் இழுபட்டு விழும். வித்தியாசத்தைச் சமன் செய்ய அண்ணனுக்கு மூன்று வால், தங்கைக்கு ஒன்று. அல்லது அண்ணன் கரடிபோல நாலு காலில். 30 விநாடி, அதற்கு மேல் போனால் முட்டிக்கொள்வார்கள்.

பிடி விளையாட்டில்தான் கவனம் அதிகம் வேண்டும். அதைத் தொடங்கும் முன் சரணடைவதைப் பழக்குங்கள். எதிராளியின் உடம்பிலோ பாயிலோ இரண்டு தட்டு, அல்லது "மாய்த்தா" என்ற சொல். தட்டின அந்தக் கணமே கை விலக வேண்டும். பிடிக்காமலே, வெறும் தட்டுவதையும் விடுவதையும் மட்டும் பத்து முறை ஆடுங்கள். கை மாட்டிக்கொண்டால் காலால் தட்டலாம் என்பதைச் சின்னவளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும், அது பிள்ளைக்குத் தானாகத் தோன்றாது. பிறகு தங்கை மேலே, அண்ணன் கீழே. அவள் அவன் பக்கவாட்டில் உட்கார்ந்து நெஞ்சில் சாய்ந்து, ஒரு கையால் அவன் சட்டைக் கையைப் பிடித்து, இன்னொரு கையை அவனுடைய மறுபக்க அக்குளுக்கு அடியில் விட்டு, கால்களை அகல விரிக்க வேண்டும். இது குசுரே-கேசா-கதாமே. கழுத்தைச் சுற்றிப் பிடிக்கும் கேசா-கதாமே வீட்டில் வேண்டாம், பிள்ளைகள் கழுத்தைத்தான் இழுப்பார்கள். 20 விநாடி தாங்கினால் அவள் வெற்றி, அதற்குள் அவன் குப்புறத் திரும்பினால் அவன் வெற்றி. எடை வித்தியாசம் ஐந்தாறு கிலோவைத் தாண்டினால் பெரியவன் மேலே வரும் ஆட்டமே வேண்டாம். சின்னவளுக்கு நெஞ்சில் பாரம் ஏறினால் மூச்சு முட்டும், பயந்த பிள்ளைக்குத் தட்ட வேண்டும் என்பதும் மறந்துபோகும். கழுத்தை நெரிக்கும் பிடிகளும் மூட்டை முறுக்கும் பிடிகளும் ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் போட்டிகளிலேயே தடை. வீட்டில் கேட்கவே வேண்டாம்.

"அண்ணா, நீ விட்டுக்கொடுத்து விளையாடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பொய்யாகத் தோற்பது சின்னவளுக்கு உடனே தெரியும், அவமானமாக இருக்கும். விதியை மாற்றி, அவன் முழு மூச்சோடு ஆடினாலும் அவள் ஜெயிக்க வாய்ப்புள்ள ஆட்டமாக்குங்கள்.

இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கும் வேலை உண்டு. பாய் ஓரத்தில் நின்று "ஹாஜிமே" என்றால் தொடக்கம், "மாத்தே" என்றால் நிறுத்தம். அந்தக் குரலுக்குப் பெரியவர்கள் உட்பட எல்லாரும் அந்த இடத்திலேயே உறைய வேண்டும். தன் ஒரு சொல்லுக்கு அண்ணன் கையை விட்டு விலகி நிற்பதைப் பார்க்கும்போது அந்தக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அண்ணனுக்கும் நிறுத்தச் சொன்னால் நிறுத்தும் பழக்கம் வரும். வாண்டு தூங்கி எழுந்த சோர்வில் இருந்தால் காகித சுமோ போதும். அஞ்சலட்டை கனத்தில் தாளை இரண்டாக மடித்து, மடிப்பு முதுகுப் பக்கம் வர, ஆறேழு செ.மீ. உயர மல்லனை வெட்டி, கவிழ்த்த அட்டைப்பெட்டியில் வட்டம் போட்டு எதிரெதிரே நிறுத்தி, பெட்டியின் ஓரத்தை விரலால் தட்டுவதுதான் ஆட்டம். கால்கள் ரொம்ப விரிந்திருந்தால் மல்லன் நகர மாட்டான், ஒட்டியிருந்தால் தானாகவே சாய்வான். அந்தத் திருத்தத்திலேயே அரை மணி நேரம் போய்விடும்.

சிறப்புத் தேவை உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அவரையும் விட்டுவிடாதீர்கள். பார்வையற்றோர் ஜூடோ 1988 சியோல் பாராலிம்பிக் முதல் இருக்கிறது. அதில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்த நிலையிலேயே ஆட்டம் தொடங்கும். இந்த ஒரு மாற்றத்தை வீட்டிலும் செய்தால் பார்வைக் குறைவுள்ள தம்பி சமமாக ஆடலாம். 2024 பாரிஸில் கபில் பர்மார் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கினாரே, அந்த ஆட்டம்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே தளர்வு இருக்கும். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை உருளுதலும் பிடியும் கூடாது. கைதள்ளு சுமோவும் இதில் சேரும், தலை வெடுக்கென்று ஆடும் ஆட்டம் அது. நடுவர் வேலை கொடுங்கள், காகித சுமோ ஆடட்டும்.

பதக்கக் கனவு பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ புடோகான் அரங்கில் ஹிஃபுமி அபே 66 கிலோவிலும் தங்கை உதா அபே 52 கிலோவிலும் ஒரே நாளில் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள். அண்ணனைப் பார்த்து ஐந்து வயதில் பாயில் இறங்கியவர் உதா. அருமையான கதைதான். ஆனால் அதே ஜப்பானில் 2022-இல் ஜூடோ சம்மேளனம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்திவிட்டது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பட்டினி போட்டு எடை குறைக்க வைப்பதும், பெற்றோரும் பயிற்சியாளர்களும் ஓரத்திலிருந்து கத்துவதும் அளவுமீறிப் போனதால் எடுத்த முடிவு. நூற்றுக்கு நூறு சரியான முடிவு என்பேன்.

கிளாஸ் தேடும்போது, சின்னப் பிள்ளைகளை வைத்து ஓடு உடைக்கும் இடம், முஷ்டி ஊன்றித் தண்டால் எடுக்க வைக்கும் இடம், மூன்று மாதத்துக்கொரு பெல்ட் டெஸ்ட் கட்டணம் கேட்கும் இடம் எதுவும் வேண்டாம். ஓடு உடைப்பதும் முஷ்டித் தண்டாலும் வளரும் எலும்புக்குப் பயிற்சியே அல்ல. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு முதல் மாதம் முழுக்க உகேமிதான் என்று சொல்லும் ஆசிரியரிடம் நம்பிச் சேருங்கள். தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்குத் திரும்பப் பாயில் ஏற்றுவாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்பதுதான் பதில். தலைவலி, வாந்தி, அசாதாரணத் தூக்கம் என்றால் ஆஸ்பத்திரி, மறுபேச்சில்லை.

உடை வாங்கும்போது ஜூடோ உடையையே கேளுங்கள். கராத்தே உடை மெல்லிசு, பிடித்து இழுத்தால் தோளில் கிழியும். அளவு பிள்ளையின் உயரப்படி, 110, 120 என்று பத்துப் பத்தாகப் போகும். பருத்தி சுருங்கும், ஒரு அளவு பெரிதாக எடுத்துப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். அண்ணனுக்குச் சிறிதானது தங்கைக்கு வரட்டும். பெல்ட் மட்டும் அவளுக்கென்று புதிதாக வெள்ளையில் வாங்கிக் கொடுங்கள். சேர்க்கும் அன்றைக்கு ஆசிரியரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள், கிளாஸின் முதல் பதினைந்து நிமிட உகேமிக்குச் சின்னவளும் பாயில் இறங்கலாமா என்று. பிரான்சில் நாலைந்து வயதுக்கென்றே தனி கிளாஸ் நடத்துகிறார்கள், இங்கே பதினைந்து நிமிடம் கேட்பது அதிகமில்லை.