ஸ்வெட்டர் அக்காவின் வீடு யாருடையது?

எங்கள் வீட்டில் இருக்கும் ஸ்வெட்டர் எல்லாமே ஒரே அக்காவிடம் வாங்கியவை. தீபாவளி முடிந்ததும் கோபியில் ரோட்டோரம் தார்ப்பாய் கட்டி, கம்பியில் ஸ்வெட்டரும் குல்லாவும் தொங்கவிட்டிருப்பார்கள். பொங்கலோடு காலி செய்துவிடுவார்கள். ஊரில் எல்லாரும் அதை 'நேபாளக்காரங்க கடை' என்பார்கள், நானும்தான். ஒரு நாள் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே அந்த அக்கா, "நேபாளம் இல்ல தம்பி, நாங்க திபெத். ஊரு ஒடையார்பாளையா. உங்க திம்பத்துக்கு அந்தப் பக்கம்தான்" என்றார். அவ்வளவு பக்கத்தில் ஒரு திபெத்திய ஊர் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

போன வருடம் அவர் கூப்பிட்டதால் போயிருந்தேன். பண்ணாரி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள், ஆசனூர், அங்கிருந்து கொள்ளேகால் போகும் ரோடு. காடு கொஞ்சம் விலகியதும் இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு, ஓட்டு வீடுகள், வீட்டுக்கு வீடு ஐந்து நிறத்தில் மந்திரக் கொடிகள். கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் தோண்டென்லிங் குடியிருப்பு இது. 1970-களின் நடுவில் அமைந்தது. மொத்தம் 22 சிற்றூர்கள். பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துகள், 'ஏ' வில்லேஜில் ஆரம்பித்து 'வி' வில்லேஜ் வரை. பிறந்த ஊர் எது என்று கேட்டால் ஒரு எழுத்தைச் சொல்கிறார்கள். சீக்கிரம் திரும்பிப் போய்விடுவோம் என்று நினைத்தவர்களுக்கு அந்த எழுத்தே போதும் என்று தோன்றியிருக்கலாம். இது என் ஊகம்தான்.

1959-ல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தபோது அவர் பின்னால் பல்லாயிரம் பேர் இமயத்தைக் கடந்து வந்தார்கள். முதலில் அவர்களுக்குக் கிடைத்தது வடக்கே மலை ரோடு போடும் வேலை. அக்காவின் அப்பாவும் ஹிமாச்சலில் கல் உடைத்தவர். அங்கே குளிரிலும் நோயிலும் விபத்திலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் அன்றைய மைசூர் அரசு பைலகுப்பேயில் சுமார் 3,000 ஏக்கர் கொடுத்தது. பிறகு முண்டகோடு, ஹுன்சூர், கடைசியில் இந்த ஒடையார்பாளையா. கொடுத்தது விளைந்த நிலம் இல்லை, காடு. அதை வெட்டித் திருத்தித்தான் வெள்ளாமை பார்த்தார்கள். யானைக்குப் பயந்து ராத்திரி காவல் இருப்பது இன்றைக்கும் நடக்கிறது.

சரி, நான் எழுத நினைத்தது அந்த ஊர் நடக்கும் விதத்தைப் பற்றி.

குடியிருப்புக்கு ஒரு செட்டில்மெண்ட் ஆபீஸ் உண்டு. அதன் அதிகாரி தர்மசாலாவில் இருக்கும் மத்திய திபெத்திய நிர்வாகத்தின், அதாவது நாடு கடந்த திபெத்திய அரசின், உள்துறைக்குக் கீழே வருகிறார். ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு தலைவர். கூட்டுறவுச் சங்கம் தனி: டிராக்டர், விதை, உரம் எல்லாம் அதன் வழியாகத்தான். முதியோர் இல்லம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில். பிள்ளைகள் இல்லாத ஒரு பாட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. "ஆபீஸ் பாக்கும், ஊர் பாக்கும்" என்றார்.

அவரிடம் ஒரு பச்சைப் புத்தகம் இருக்கிறது. வருடா வருடம் ஒரு சிறு தொகையைத் தங்கள் நிர்வாகத்துக்குக் கட்டி அதில் பதிந்துகொள்கிறார்கள். கட்டச் சொல்லி வற்புறுத்தப் போலீஸ் கிடையாது, இருந்தாலும் கட்டுகிறார்கள். அந்தப் புத்தகம் இருந்தால்தான் ஓட்டு. 45 பேர் கொண்ட நாடாளுமன்றத்துக்கும், சிக்யோங் என்ற தலைமைப் பொறுப்புக்கும் உலகம் முழுக்கச் சிதறிக் கிடப்பவர்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். 2021-ல் வென்ற பென்பா செரிங் பைலகுப்பே குடியிருப்பில் பிறந்தவர், நம் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். ஒரு அகதிக் குடியிருப்பில் பிறந்த பையன் தன் மக்களுக்கே தலைவனாகிற அளவுக்கு அங்கே ஒரு ஏற்பாடு இருந்திருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு நம் பக்கத்து முகாம்கள்தான் ஞாபகம் வந்தன. 1983-க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்களுக்கு நாம் கொடுத்தது என்ன? பத்துக்குப் பத்து அறை, மாத உதவித்தொகை, அப்புறம் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் தணிக்கை. 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது, புது வீடுகளும் கட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் உழ நிலம், அவர்களே நடத்தும் சங்கம், அவர்களே எடுக்கும் முடிவு என்று எதையும் நாற்பது வருடத்தில் நாம் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. நம் மொழி பேசுகிறவர்களுக்கே இந்த நிலைமை என்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்காகத் திபெத்தியர்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அக்கா 1976-ல் அந்தக் குடியிருப்பிலேயே பிறந்தவர். ஆனால் கையில் இருப்பது வெளிநாட்டவருக்கான பதிவுச் சான்றிதழ். ஆர்சி என்கிறார்கள். அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். வெளிநாடு போக பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஐசி என்ற மஞ்சள் புத்தகம். நிலத்துக்குப் பட்டா கிடையாது. 2014-ல் மத்திய அரசு கொண்டுவந்த மறுவாழ்வுக் கொள்கையின்படி 20 வருடக் குத்தகை, அதுவும் திபெத்திய நிவாரணக் குழுவின் பெயரில். அப்பா திருத்திய காட்டை அடமானம் வைத்து மகள் படிப்புக்குக் கடன் வாங்க முடியாது. அதனால்தான் லூதியானாவில் கடனுக்குச் சரக்கெடுத்து, மூன்று மாதம் நம் ஊர்ப் பிளாட்பாரத்தில் நிற்கிறார்.

சட்டத்தைப் பார்த்தால் அக்கா இந்தியக் குடிமகள். 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்த யாரும் பிறப்பால் குடிமக்கள் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு. திபெத்தியருக்கும் இது பொருந்தும் என்று 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது, 2016-ல் மறுபடியும் சொன்னது. நம் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022-ல் மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னதும் இதே பிரிவை வைத்துத்தான்.

தீர்ப்பு வந்ததும் 2017-ல் மத்திய அரசின் நிபந்தனைகளும் வந்தன. பாஸ்போர்ட் வேண்டுமா, ஆர்சியையும் ஐசியையும் ஒப்படை. அகதிச் சலுகைகளை விடு. குடியிருப்பில் வசிக்கக் கூடாது.

முதல் இரண்டும் எனக்குப் புரிகிறது. குடிமகள் ஆனபிறகு வெளிநாட்டவர் சான்றிதழ் எதற்கு? மூன்றாவதுதான் அநியாயம். அகதிகளுக்கென்று கொடுத்த நிலத்தில் குடிமக்கள் எப்படி இருக்கலாம் என்று கேட்பார்கள். அந்த நிலத்தில் அக்காவுக்குச் சொந்தம் என்று ஒரு சென்ட்கூட இல்லை, அங்கே அவர் குடியிருக்கிறார், அவ்வளவுதான். அவர் கணவர் 90-களில் திபெத்திலிருந்து நடந்து வந்தவர். அவர் அகதி. மனைவி குடிமகள். ஒரே வீட்டில் மனைவி மட்டும் வெளியே போக வேண்டுமா? பிறந்த மண்ணின் பேரில் கிடைக்கும் உரிமையை வாங்க, பிறந்த வீட்டை விட்டுப் போ என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

குடியுரிமையே வேண்டாம் என்கிற திபெத்தியர்களும் நிறைய. வாங்கினால் திபெத்தை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனால் வேண்டாம் என்பது அவர்களுடைய முடிவாக இருக்க வேண்டும். வீடு போய்விடும் என்ற பயத்தில் எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது.

இதற்கு நடுவில் ஊர் காலியாகிக்கொண்டிருக்கிறது. அக்கா இருக்கும் தெருவில் பாதி வீடு பூட்டு. பிள்ளைகள் பெங்களூரு, டெல்லி, பாரிஸ், டொராண்டோ. 2008-க்குப் பிறகு திபெத்திலிருந்து புதிதாக வருகிறவர்களும் அபூர்வம். அவர் மகள் பெங்களூரில் நர்ஸ். அம்மா குடிமகள் என்பதால் சட்டப்படி அவளும் குடிமகள்தான். இருந்தும் வெளிநாடு போக இன்னும் அந்த மஞ்சள் புத்தகத்தோடுதான் அலைகிறாள்.

கிளம்பும்போது வெண்ணெய் டீ கொடுத்தார். உப்பு போட்ட டீ எனக்கு இறங்கவில்லை. பார்த்துவிட்டு நம்ம டீ போட்டு எடுத்து வந்தார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாமே அக்கா என்றேன். கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். அவர் அப்பா வைத்த பலா மரம் நின்றிருந்தது. "நான் போனா இத யாரு பாப்பா?" என்றார்.