இருபது லிட்டர் பையும் ஒரு சொம்பு கங்கையும்

(பைகள் விற்கும் ஒரு கடையில், முன்னாள் பேருந்து நடத்துநர் ஒருவருக்கும் விற்பனையாளருக்கும் நடந்த பேச்சு; நான் ஓரமாக நின்று கேட்டது.)

விற்பனையாளர்: இது 20 லிட்டர் பை, ஐயா. பகல் முழுவதும் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு இதற்கு மேல் தேவைப்படாது.

நடத்துநர்: 20 லிட்டரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன், தம்பி? காசிக்குப் போகிறோம். திரும்பும்போது ஒரு சொம்பு கங்கை நீரைக் கொண்டுவந்து ராமேஸ்வரத்தில் அபிஷேகத்துக்குக் கொடுத்தால் எங்கள் வேண்டுதல் முடிந்துவிடும். தெரு முழுவதற்கும் தீர்த்தம் வழங்குவதாக நான் நேர்ந்துகொள்ளவில்லை.

விற்பனையாளர்: தண்ணீரைச் சொல்லவில்லை, ஐயா. பைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையே லிட்டரில்தான் சொல்வார்கள்.

நடத்துநர்: அரிசியைக் கிலோவிலும் துணியை மீட்டரிலும் வாங்கிப் பழகியவன் நான். என் வேட்டி எத்தனை லிட்டர், என் மனைவியின் சேலை எத்தனை லிட்டர் என்று நீ சொல்லிவிட்டால், மீதிக் கணக்கை நானே போட்டுக்கொள்வேன்.

விற்பனையாளர்: வேட்டிக்கு லிட்டர் கிடையாது, ஐயா. பொதுவாக 15 முதல் 25 லிட்டர் வரை உள்ள பையைத்தான் எல்லோரும் வாங்கிப் போகிறார்கள்.

நடத்துநர்: பேருந்தில் இடம் இருந்தால் ஆள் ஏறுவதைப் போல, பையில் இடம் இருந்தால் என் மனைவி ஊறுகாய் ஏற்றுவாள். இதைவிடச் சிறியதைக் காட்டு.

விற்பனையாளர்: சிறியதைக் காட்டுவதற்கு முன்னால் இதை ஒரு முறை பாருங்கள். இது திருட்டுத் தடுப்புப் பை. இப்போது எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பெற்றோருக்கு இதைத்தான் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

நடத்துநர்: என் மகனும் பெங்களூரிலிருந்து இதைத்தான் வாங்கச் சொன்னான். இதை எங்கே திறப்பது? சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், வாயையே காணோமே!

விற்பனையாளர்: அதுதான் இதன் சிறப்பு, ஐயா. முதுகோடு ஒட்டியிருக்கும் பக்கத்தில் ஜிப் இருக்கிறது. நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும்போது திருடனால் திறக்கவே முடியாது.

நடத்துநர்: என்னால் திறக்க முடியுமா?

விற்பனையாளர்: நீங்கள் கழற்றித் திருப்பிக்கொண்டு திறக்க வேண்டும்.

நடத்துநர்: அதாவது, தசாசுவமேதப் படித்துறையில் மாலை ஆரத்தி நடக்கும் நேரத்தில், எள் போட்டால் எள் விழாத கூட்டத்தில் எனக்குச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றினால், நான் முதலில் பக்கத்தில் நிற்பவரை நகரச் சொல்லி, இரண்டு தோள்களிலிருந்தும் பையைக் கழற்றி, மடியில் கவிழ்த்துப் போட்டு, இந்த எண்பூட்டின் மூன்று எண்களையும் நினைவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். காசியில் உயிர் போனால் முக்தி என்று சொல்வார்கள். உன் பையில் அதற்கும் வழி செய்திருக்கிறீர்கள்.

விற்பனையாளர்: எண்பூட்டைக் குறை சொல்லாதீர்கள், ஐயா. மூன்று சக்கரங்கள் இருக்கின்றன. எந்த எண்ணை நீங்கள் வைத்தீர்கள் என்று திருடன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

நடத்துநர்: 000 முதல் 999 வரை மொத்தம் 1,000 எண்கள். ஓர் எண்ணுக்கு இரண்டு நொடி என்று வைத்துக்கொண்டால், 2,000 நொடிகள். முப்பத்துமூன்று நிமிடங்கள் சொச்சத்தில் வேலை முடிந்துவிடும். நாங்கள் ரயிலில் இரண்டு இரவு தூங்கப் போகிறோம். திருடன் பல் துலக்கி, காபி குடித்துவிட்டு, நிதானமாக ஆரம்பித்தாலும் எங்களுக்கு முன்னால் இறங்கிவிடுவான்.

(கணக்கை அவர் விரல் மடக்காமல், ஒரே மூச்சில் சொன்னார். என் பையில் அறுந்துபோன ஜிப் ரன்னரை மாற்றுவதற்காக வந்து ஓரமாக நின்றிருந்த நான், அதன் பிறகு அந்த இடத்தை விட்டு நகரவில்லை.)

விற்பனையாளர்: ஐயா வங்கியில் வேலை பார்த்தீர்களா?

நடத்துநர்: மதுரை - ராமேஸ்வரம் தடத்தில் இருபத்தெட்டு வருடம் நடத்துநராக இருந்தேன். பையைப் பற்றி எனக்கு நீ சொல்ல வேண்டாம். அந்தத் தோல் பையை நான் வயிற்றிலிருந்து இறக்கியது தூங்கும்போது மட்டும்தான்.

விற்பனையாளர்: எனக்கு ஊர் பரமக்குடி, ஐயா! கல்லூரிக்கு அந்தத் தடத்தில்தான் வந்துபோனேன். பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது வாங்கிக்கொள் என்று சொல்வார்கள். வாங்க மறந்து இறங்கிய பணத்தைச் சேர்த்து வைத்திருந்தால் இந்தப் பையை நானே வாங்கியிருப்பேன்.

நடத்துநர்: கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். மறந்தவனைத் துரத்திக்கொண்டு நானும் இறங்கியிருந்தால், வண்டியை யார் விசில் ஊதி எடுப்பது? அதை விடு. பூட்டில் என்ன, சாவித் துவாரம் ஒன்று தெரிகிறது, சாவியைக் காணோமே?

விற்பனையாளர்: அது டிஎஸ்ஏ பூட்டு, ஐயா. அமெரிக்க விமான நிலையத்தில் சோதனை செய்யும் அதிகாரிகளிடம் மட்டும்தான் அதன் சாவி இருக்கும்.

நடத்துநர்: அமெரிக்க அதிகாரிக்கு, காசிக்குப் பக்கத்தில் உள்ள மொகல்சராய் ரயில் நிலையத்தில் என்ன வேலை? அந்த நிலையத்துக்கு 2018-இல் பெயரையே மாற்றிவிட்டார்கள். வந்தாலும் அவர் வழி தெரியாமல்தான் நிற்பார். தவிரவும், அந்தச் சாவிகளின் படம் 2015-லேயே இணையத்தில் வெளியாகி, அதைப் பார்த்துப் பலர் வீட்டிலேயே சாவி செய்துகொண்டதாக என் மகள் சொல்கிறாள். ஆக, இந்தப் பையின் சாவி ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது, வாங்குகிற என் ஒருவனிடம் மட்டும் இல்லை.

விற்பனையாளர்: சாவி இல்லாதவனால், பூட்டு இருக்கும்வரை ஜிப்பை நகர்த்த முடியாதே, ஐயா?

நடத்துநர்: அந்தப் பேனாவைக் கொடு.

(சட்டைப் பையில் ஏற்கெனவே பேனா இருந்தும் எதற்காகக் கடைக்காரரின் பேனாவைக் கேட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. பேனா முனையை ஜிப்பின் பற்களுக்கு நடுவில் வைத்து ஒரு குத்துக் குத்தினார். ஒரு சாண் நீளத்துக்கு ஜிப் வாயைப் பிளந்தது. பூட்டு, பூட்டியது பூட்டியபடியே இருந்தது. பிறகு பூட்டோடு சேர்த்து இரண்டு ரன்னர்களையும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுத்துவிட்டுத் திரும்ப இழுத்தார். ஜிப் எதுவுமே நடக்காதது போல மூடிக்கொண்டது.)

விற்பனையாளர்: ஐயா, முதலாளி கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்!

நடத்துநர்: பார்க்கட்டும். அவரும் தெரிந்துகொள்ளட்டும். பக்கத்தில் தொங்குகிற இந்தக் கறுப்பு வாய் எதற்கு?

விற்பனையாளர்: அது யுஎஸ்பி, ஐயா. கைபேசிக்கு அதிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

நடத்துநர்: பைக்குள் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

விற்பனையாளர்: உள்ளே ஒயர் மட்டும்தான் இருக்கும். பவர் பேங்க் நீங்கள் தனியாக வாங்கி அதில் செருக வேண்டும்.

நடத்துநர்: தொட்டியைக் கட்டாமல் குழாயை மட்டும் வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். இருபது லிட்டர் என்று நீ சொன்னபோதே நான் சந்தேகப்பட்டேன்.

விற்பனையாளர்: லிட்டரை விடுங்கள், ஐயா. ஒரு முறை மாட்டித்தான் பாருங்களேன். முதுகில் இருப்பதே தெரியாது.

நடத்துநர்: எனக்குத் தெரியாது, சரி. பின்னால் நிற்பவனுக்குத் தெரியும். முதுகுப் பை மாட்டியவனைக் கூப்பிட்டு நான் டிக்கெட் கேட்டால், அவன் திரும்புவான். அவன் திரும்பும்போது அவன் பை இரண்டு பேரை அறையும். அறை வாங்கியவர்கள் என்னை முறைப்பார்கள். அந்தப் பைக்கு ஓர் ஆள் இடம் வேண்டியிருக்கிறது, ஆனால் டிக்கெட் கிடையாது. கழற்றிக் காலடியில் வை என்று சொன்னால், உள்ளே மடிக்கணினி இருக்கிறது என்று சொல்வான். அறை வாங்கிய கிழவியிடம் அதைச் சொல்லச் சொல்வேன்.

விற்பனையாளர்: சரி, ஐயா, முன்பக்கமாகத்தான் மாட்டிப் பாருங்களேன்.

நடத்துநர்: வெறும் பையை மாட்டிப் பார்த்து என்ன தெரியும்? செருப்புக் கடையில் காலை நுழைத்துப் பத்து அடி நடந்து பார்க்க விடுகிறார்கள். நான் இரண்டு மாடி ஏறி வந்திருக்கும் இந்தக் கடையில், பழைய செய்தித்தாளைத் திணித்துப் பையை நிமிர்த்தி வைத்து, செய்தித்தாளின் எடையை என் தோளில் மாட்டி, வசதியாக இருக்கிறதா என்று கேட்கிறாய். நான் காசிக்குச் செய்தித்தாள் கொண்டு போகவில்லை. இதோ, வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறேன்.

(மஞ்சப்பையிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், கம்பளிச் சட்டை, குடை, துண்டு, மாத்திரை டப்பா, மூக்குக்கண்ணாடிக் கூடு, காலியான செம்புச் சொம்பு ஆகியவை ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன.)

விற்பனையாளர்: விற்காத பைக்குள் வெளிப் பொருளை வைக்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருக்கிறார், ஐயா.

நடத்துநர்: வாங்கிய பிறகு தோள் வலித்தால் திரும்ப எடுத்துக்கொள்வாரா?

விற்பனையாளர்: விற்ற பொருளை வாபஸ் பெறுவதில்லை என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறோம், ஐயா.

நடத்துநர்: அப்படியானால் நான் வைத்துத்தான் பார்ப்பேன். எங்கே, தூக்கு. இந்தப் பை சும்மா இருக்கும்போதே ஒரு கிலோ கனக்கிறது. தண்ணீர் ஒரு கிலோ, கம்பளிச் சட்டை முக்கால் கிலோ. காசியில் சந்து சந்தாக நாள் முழுவதும் நடக்கும்போது, இந்த ஒரு கிலோ பூட்டும் ஒயரும் எனக்கு எந்தப் புண்ணியத்தைத் தேடித் தரும்? சரி, எடுத்துக்கொண்டே போகிறேன் என்று வைத்துக்கொள். விசுவநாதர் கோயிலுக்குள் பையோடு விட மாட்டார்கள். வெளியே பெட்டகத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நம் மீனாட்சியம்மன் கோயிலிலேயே 2018 தீ விபத்துக்குப் பிறகு கைபேசியைக்கூட உள்ளே விடுவதில்லை. திருட்டுத் தடுப்புப் பையை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பணத்தை நான் எங்கே வைத்துக்கொள்வது?

விற்பனையாளர்: எங்கே வைத்துக்கொள்வீர்கள், ஐயா?

நடத்துநர்: பட்டாபட்டி டிராயரில் பை எதற்குத் தைத்திருக்கிறது? அதற்கு எண்பூட்டு கிடையாது, அமெரிக்கச் சாவியும் கிடையாது. இத்தனை வருடத்தில் அதில் எவனும் கை வைத்ததில்லை.

விற்பனையாளர்: (சிரிக்கிறார்) அதில் எத்தனை லிட்டர் கொள்ளும், ஐயா?

நடத்துநர்: இப்போதுதான் உனக்கு வியாபாரம் வருகிறது. அதோ அந்த நாற்காலியில் ஆறு பைகளை அடுக்கி உட்கார வைத்திருக்கிறாயே, அது யாருடைய நாற்காலி?

விற்பனையாளர்: எங்களுக்குக் கொடுத்த நாற்காலிதான், ஐயா.

நடத்துநர்: கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்களே. காலையில் எத்தனை மணிக்கு வந்து நின்றாய்?

விற்பனையாளர்: ஒன்பதரைக்கு, ஐயா.

நடத்துநர்: இப்போது ஏழு ஆகிறது. பை உட்கார்ந்திருக்கிறது, நீ நிற்கிறாய். எனக்காவது ராமேஸ்வரம் வந்தால் இறங்கி உட்காரலாம்.

விற்பனையாளர்: கேமரா இருக்கிறது, ஐயா.

(கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பெரியவர் சொம்பைத் துண்டில் சுற்றி மறுபடி மஞ்சப்பைக்குள் வைத்தார்.)

நடத்துநர்: இந்தத் தடுப்புப் பை என்ன விலை என்று நான் கேட்கவே இல்லை.

விற்பனையாளர்: அட்டையில் 3,499 ரூபாய், ஐயா. உங்களுக்கு 899.

நடத்துநர்: மீதி 2,600 ரூபாய் என்ன ஆயிற்று?

விற்பனையாளர்: அது தள்ளுபடி, ஐயா.

நடத்துநர்: அந்த 2,600 ரூபாய் எப்போதாவது, யாரிடமாவது இருந்ததா? நான் டிக்கெட்டில் ஒரு விலையை அச்சடித்து, அதை அடித்துவிட்டு, கால்வாசியைக் கேட்டிருந்தால், அடுத்த நிறுத்தத்திலேயே பரிசோதகர் ஏறி என்னை இறக்கியிருப்பார். பையில் திருட்டைத் தடுத்திருக்கிறீர்கள், அட்டையில் தடுக்கவில்லை.

விற்பனையாளர்: ஐயா, உண்மையைச் சொல்கிறேன். அந்த மூலையில் தொங்குகிறதே, பழுப்பு நிறத்தில் ஒன்று. குறுக்காக மாட்டிக்கொள்கிற பை. அதை யாரும் கேட்பதில்லை, நாங்களும் காட்டுவதில்லை. அதை விற்றால் எங்களுக்கு ஒன்றும் நிற்காது. வார் மூன்று விரல் அகலம் இருக்கிறது. வார் பையோடு சேர்கிற இடத்தில், இதோ பாருங்கள், சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்காகவும் இரண்டு கோடு ஓட்டியிருக்கிறார்கள். சுமையோடு இழுத்தாலும் பிரியாது. ஜிப்புக்கு மேல் மூடி வருகிறது. மாட்டினால் வயிற்றுக்கு நேராக உங்கள் கைக்கு அடியிலேயே இருக்கும். பத்து... பத்துக்குள்தான் இருக்கும், ஐயா.

நடத்துநர்: பத்து என்ன?

விற்பனையாளர்: சொல்ல மாட்டேன், ஐயா.

நடத்துநர்: கொடு, சாமானை எல்லாம் போட்டுப் பார்க்கிறேன். தண்ணீர் பாட்டில் நிற்கிறது. கம்பளிச் சட்டையை ரயிலிலேயே போட்டுக்கொள்ளலாம். சொம்புக்கும் இடம் இருக்கிறது. இதை முதலிலேயே காட்டியிருந்தால், நான் உன் பேனாவைக் கெடுத்திருக்க மாட்டேன். இது என் பழைய பை மாதிரியே இருக்கிறதே, தம்பி! கையை வைத்தால் சில்லறை இருக்குமோ என்று தேடுகிறது.

விற்பனையாளர்: 499 ரூபாய், ஐயா. இதற்குத் தள்ளுபடி கிடையாது. அட்டையிலும் அதே விலைதான்.

நடத்துநர்: இந்தா, 500.

விற்பனையாளர்: ஒரு ரூபாய் சில்லறை இல்லை, ஐயா. பில்லின் பின்னால் எழுதிக் கொடுக்கிறேன். இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.