ஆள் இல்லாமல் ஜூடோ பழக முடியாதா?

"எதிரில் ஆள் இல்லையென்றால் ஜூடோ பயிற்சியே கிடையாது" என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. 1882-இல் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோவே, துணையின்றிச் செய்யும் அசைவுகளைத் தன் உடற்கல்வி முறையில் சேர்த்திருக்கிறார். விழும் முறையான உகேமி, உடலைத் திருப்பும் தாய் சபாகி, தூணில் கட்டிய ரப்பர் பட்டையை இழுத்தபடி, எதிராளியைத் தோளுக்கு மேலாக எறியும் செயோய் நாகேவுக்குள் நுழைவது, எல்லாம் தனியாகவே நடக்கும். பட்டையை இழுக்கும்போது முழங்கால் மடங்கி இடுப்பு தாழ்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் பலர் நிமிர்ந்தே நின்றுவிடுகிறார்கள்.

சரி, முழுசையும் தனியாகக் கற்றுவிடலாமா? அதுவும் முடியாது. எதிராளியின் நிலையைக் குலைக்கும் குஸுஷி, அவர் எதிர்த்து நகரும்போதுதான் பிடிபடும். ரப்பர் பட்டை அடியெடுத்து வைப்பதில்லை. அப்புறம், உகேமியைச் சிமெண்ட் தரையில் பழகவே வேண்டாம். மெத்தையில், உட்கார்ந்த நிலையிலிருந்து, தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தொடங்குங்கள்.