கோர்பினுக்கு விழுந்த கையெழுத்துகள்

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகலாமா என்று 2016-இல் நடந்த பிரெக்சிட் வாக்கெடுப்புக்குப் பின் மக்கள் போட்ட ஆன்லைன் மனுக்களை வெறும் புலம்பல் என்று ஒரு கட்டுரை ஒதுக்குகிறது; அது எனக்குச் சரியாகப் படவில்லை. 2016 ஜூன் 28 அன்று பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் மீது நம்பிக்கை இல்லை என்று அவருடைய கட்சி எம்.பி.க்களே 172-க்கு 40 என்று வாக்களித்தார்கள். அதே நாட்களில் அவரை ஆதரித்த ஆன்லைன் மனுவில் கையெழுத்துகள் இரண்டு லட்சத்தைத் தாண்டின. செப்டம்பரில் முடிந்த கட்சித் தலைவர் தேர்தலில் 61.8 சதவீத வாக்குகளுடன் அவரே மறுபடி தலைவரானார். எம்.பி.க்களின் காதில் ஏறாதது அந்தக் கையெழுத்துகளில் முன்பே தெரிந்தது.

தெரசா மே விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. ஆளும் கன்சர்வேடிவ் கட்சித் தலைவராகிப் பிரதமராவதற்கான போட்டியில் அவரை எதிர்த்து நின்ற ஆண்ட்ரியா லெட்சம் விலகியதும், கட்சி உறுப்பினர்கள்கூட ஓட்டுப் போடாமலே ஜூலை 13-இல் பிரதமராகிவிட்டார். நாட்டை 52-48 சதவீதம் என்று பிளந்த, ஒன்றியத்திலிருந்து விலகும் முடிவை நிறைவேற்றும் பொறுப்பு அவர் கைக்கு அப்படித்தான் போனது. பொதுத்தேர்தல் வையுங்கள் என்று மனுப் போட்டவர்கள் கேட்டதில் என்ன தப்பு?