வாங்கில் கைப்பைக்கு இடம் இருக்கு, ஆளுக்கு இல்லை

திருகோணமலையில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குப் புதிதாக யாராவது பூசைக்கு வந்தால் நம்ம ஆட்கள் பார்க்கிற பார்வை இருக்கே, அப்பப்பா. போன ஞாயிறு மூதூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், மகன் பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறாராம், பாவம், செருப்பைக் கழற்றிவிட்டு நடு வாங்கில் இருக்கப் போனவரை, கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்த ஒரு அக்கா, "இதில ஆள் வருது, பின்னால போங்கோ" என்று அனுப்பிவிட்டார். பூசை முடியும்வரை அந்த இடத்தில் இருந்தது கைப்பை மட்டும்தான். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வாசலில் பையைத் திறந்து பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, அது தேவைதான். ஆனால் அந்த அம்மாவின் பையைப் பார்த்தாயிற்று, அப்புறம் என்ன சந்தேகம்? பைபிளில் யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரத்தில் இதே கூத்துத்தான், மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்கு நிற்க இடம். அதை அழகாக வாசிக்கிறதும் நாங்கள்தான். பூசை முடிந்து தேத்தண்ணீர் கொடுக்கும்போதாவது யாரும் கதைப்பார்கள் என்று பார்த்தால், ஒருவர் போய்க் கேட்டார், சரி, என்ன கேட்டார்? "நீங்கள் ஆருடைய ஆள்?" மகனுக்கு என்ன வருத்தம் என்று கேட்க ஒரு வாய் திறக்கவில்லை.