‘தெரியாது’ என்பவரும் நாத்திகரா?

பினாங்கு, கோலாலம்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “கடவுள் இருக்கிறாரா தெரியாது என்பவரும் நாத்திகரே. ருக்குன் நெகாராபடி (மலேசியாவின் தேசியக் கோட்பாடு) இரண்டுமே குற்றம்.” இந்த இரண்டு கூற்றுகளும் தவறு.

கடவுளை நம்புகிறீர்களா என்பது ஒரு கேள்வி. அவர் இருப்பதை அறிய முடியுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கான பதில்தான் ஆத்திகரையும் நாத்திகரையும் பிரிக்கிறது. அக்னாஸ்டிக், அதாவது ‘தெரியாது’ என்பவர், பேசுவது இரண்டாவதைப் பற்றி. 1869-இல் அந்தப் பெயரைச் சூட்டிய ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி வலியுறுத்தியதும் அதுதான்: சான்று இல்லாததை உறுதி என்று சொல்லாதே. தைப்பூசத்தில் காவடியோடு பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு ஏறுபவர்கூட, “முருகன் இருப்பதை நிரூபிக்க முடியாது, ஆனாலும் நம்புகிறேன்” எனலாம். அவர் ஆத்திகர், அக்னாஸ்டிக்கும்கூட! நம்பாமலே “உறுதியாகத் தெரியாது” என்பவரும் உண்டு. 1929-இல் பினாங்கில் வந்திறங்கிய பெரியாரைப் போல, இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்பவர்கள் நாத்திகரில் ஒரு சாரார்தான்.

சரி, ருக்குன் நெகாரா? 1970-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாடு அது. இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் அதில் முதலாவது, உண்மைதான். ஆனால் அது தண்டனைச் சட்டம் அல்ல. முஸ்லிம்களுக்கான மாநில ஷரியா சட்டங்கள் தனி விவகாரம். அந்தச் செய்தி அதைப் பேசவே இல்லை.